மகளின் ஓட்டு கிழக்கில், என் ஓட்டு மேற்கில்

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்கள் அன்றுதான் தொடங்கின. மகளுக்குப் பதினெட்டு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எட்டாவது படிக்கும்போதே சொல்லி வைத்திருந்தாள்: "என் முதல் ஓட்டை உன்கூட வந்துதாம்மா போடுவேன்." அன்றைக்கு அவளுக்குக் காலை வகுப்பு கிடையாது. நான் அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் தலைக்குக் குளித்து, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

கார் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் அவளுடைய வாக்காளர் அட்டையைப் படித்துப் பார்த்தேன். என் அட்டையில் இருந்தது மேற்குக் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). அவளுடையதில் கிழக்குக் கவுண்டி. ஒரே வீடு, ஒரே கதவு எண், வாசலில் ஒரே தபால் பெட்டி. அச்சுப் பிழையாக இருக்கும் என்று அவள் அட்டையில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். எடுத்த பெண்மணி கணினியில் பார்த்துவிட்டு, பிழை இல்லை என்றார். "பதிவு செய்தபோது நாங்கள் கேட்டதற்கு, வீட்டின் கிழக்குப் பக்க அறையில் தூங்குவதாக உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள். அந்த அறை எங்கள் கவுண்டி" என்றார்.

முன்கூட்டியே ஓட்டுப் போடுகிறவர்கள் தங்கள் கவுண்டியில் உள்ள மையத்தில்தான் போட முடியும். அவளைக் கிழக்கே பன்னிரண்டு மைல் கூட்டிக்கொண்டு போய், ஓட்டுப் போடும் வரை வெளியே நின்றேன். அப்புறம் மேற்கே பதினெட்டு மைல் வந்து நான் போட்டேன். அவள் வெளியே நின்றாள். "நான் ஓட்டுப் போட்டேன்" என்று எழுதிய ஒட்டுச்சீட்டைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. வீட்டுக்குள் ஓடும் ஒரு கோட்டைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அந்தப் படம்தான்.

இரண்டு கவுண்டிகளின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. மேற்கு, கிழக்கு என்றே சொல்கிறேன்.

கவுண்டியை நம்மூர் மாவட்டம் என்று சொன்னால் பாதி புரியும். மீதிப் பாதிதான் முக்கியம். வட கரோலினாவில் 100 கவுண்டிகள். நூறாவதான ஏவரி 1911-ல் உருவானது. ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆணையர் குழு உண்டு, ஷெரிஃப் உண்டு, பத்திரப் பதிவாளர் உண்டு. பள்ளிகளை நடத்தும் குழுவும் பெரும்பாலான இடங்களில் கவுண்டி அளவில்தான். சொத்து வரி விகிதத்தைக் கவுண்டிதான் தீர்மானிக்கிறது. ஒரு குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகும், வீடு தீப்பிடித்தால் எந்த வண்டி வரும், கிணறு வெட்ட யாரிடம் அனுமதி வாங்குவது என்பதெல்லாம் நீங்கள் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. அந்தக் கோடு எங்கள் வீட்டில் கூடத்தை அடுத்த நடைவழியில் ஓடியது. நானும் இவரும் படுக்கும் அறை, சமையலறை எல்லாம் மேற்கு. மகளின் அறையும், காரை நிறுத்தும் ஷெட்டும், தெருவிலிருந்து வரும் பாதையும் கிழக்கு.

2011-ல் வீடு வாங்கியபோது இது எங்களுக்குத் தெரியும், தெரியாது, இரண்டும்தான். பத்திரத்தை இரண்டு கவுண்டியிலும் பதிய வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார். கூடுதலாக ஒரு பதிவுக் கட்டணம், அவ்வளவுதானே என்று கையெழுத்துப் போட்டோம். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே நிலம், பின்னால் ஓடை, சுற்றிலும் பைன் மரங்கள். இவருக்கு அந்த இடம் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. "ரெண்டு கவுண்டி இருந்தா என்ன, ரெண்டு பக்கமும் நம்மளைப் பார்த்துப்பாங்க" என்றார்.

வரி ரசீதுகள் வந்தபோதும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாநிலத்தில் சொத்து வரி செப்டம்பர் 1-ல் கட்ட வேண்டியதாகிறது. ஜனவரி 5 தாண்டினால் வட்டி. இரண்டு காசோலை எழுதிவிட்டால் முடிந்தது. சில வருஷம் கழித்துத்தான் கணக்கு உதைத்தது. குறைந்தது எட்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாச் சொத்துகளையும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. அதைவிட அடிக்கடி செய்வது கவுண்டியின் விருப்பம். மேற்கு நான்கு வருஷத்துக்கு ஒருமுறை செய்கிறது. கிழக்கு எட்டு வருஷம் முழுக்கக் காத்திருக்கிறது. அதனால் எங்கள் சமையலறைக்கு ஒரு வருஷத்துச் சந்தை மதிப்பு, மகளின் அறைக்கு வேறொரு வருஷத்து மதிப்பு. வீட்டில் எத்தனை சதவீதம் எந்தப் பக்கம் என்பதிலும் இரண்டு அலுவலகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு ரசீதிலும் இருந்த சதுர அடியைக் கூட்டிப் பார்த்தேன். வீட்டின் உண்மையான அளவைவிட 212 சதுர அடி அதிகம். அந்த 212 சதுர அடிக்கு இரண்டு பேரும் வரி வாங்கியிருக்கிறார்கள்.

அதைக்கூடப் பேசித் தீர்த்துக்கொண்டோம். தீராமல் போனது செப்டிக் டேங்க் விஷயம்.

ஊருக்கு வெளியே இருக்கும் வீடுகளுக்குச் சாக்கடை இணைப்பு கிடையாது. தொட்டியில் கழிவு தங்கும். தண்ணீர் மட்டும் மண்ணுக்குள் புதைத்த துளைக் குழாய்கள் வழியாகப் பரவி ஊறி இறங்கும். எங்கள் தொட்டி கிழக்கில், குழாய்கள் பரவிய மண் மேற்கில். 2017 பிப்ரவரியில் அந்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. பழுது பார்க்கக் கவுண்டியின் சுகாதாரத் துறை அனுமதி வேண்டும். கிழக்கில் கேட்டால், பழுது இருக்கும் மண் மேற்கில் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். மேற்கில், தொட்டிக்கு முதலில் அனுமதி கொடுத்தது கிழக்கு, பழைய கோப்பு அவர்களிடம்தான் இருக்கும் என்றார்கள். கிழக்கில் அந்தக் கோப்பு இல்லை. ஒன்பது வாரம். அப்போது மாமியார் எங்களோடு இருந்தார், எழுபத்தொரு வயது. குளிர்காலத்தில், நடு ராத்திரியில், அவருக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தால் இவர் காரில் ஏற்றி இரண்டரை மைல் தள்ளி இருக்கும் பெட்ரோல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அத்தை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் கேட்டார்: "ஏம்மா, ரெண்டு ஆபீசரையும் ஒரு நாள் ஒண்ணா இங்க வரச் சொல்ல முடியாதா?" கடைசியில் அதுதான் நடந்தது. இரண்டு அலுவலர்களும் ஒரே நாளில் வந்து, எங்கள் கொல்லையில் நின்று பேசி, இருபது நிமிஷத்தில் முடிவு செய்தார்கள். அந்த இருபது நிமிஷத்துக்காக ஒன்பது வாரம்.

இவருக்கும் எனக்கும் 2016-ல் குடியுரிமை கிடைத்தது. ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனபோதுதான் "எங்கே தூங்குகிறீர்கள்" என்ற கேள்வியை முதன்முதலாகக் கேட்டேன். அன்று எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. மகளின் அட்டையைப் பார்த்த பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வட கரோலினாவின் தேர்தல் சட்டம், பிரிவு 163-57, வெளிப்படையாகவே சொல்கிறது: ஒருவர் குடியிருக்கும் வீட்டை மாநில எல்லையோ கவுண்டி எல்லையோ தொகுதி எல்லையோ பிரித்தால், அவர் வழக்கமாகத் தூங்கும் அறை எந்தப் பக்கமோ அதுவே அவருடைய வசிப்பிடம்.

இதன் வேர் வெகு ஆழத்தில் இருக்கிறது. 1552-ல் பிறந்து 1634-ல் இறந்த எட்வர்ட் கோக் என்ற இங்கிலாந்து நீதிபதி, ஒருவனுடைய வீடு இரண்டு வட்டார மன்றங்களின் எல்லையில் நின்றால், படுக்கை இருக்கும் பக்கத்து மன்றத்துக்கே அவன் கட்டுப்பட்டவன், ஏனென்றால் அங்கேதான் அவன் அதிகமாகப் புழங்குகிறான் என்று எழுதிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாசசூசெட்ஸில் ஆபிங்டன், நார்த் பிரிட்ஜ்வாட்டர் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு வழக்கு வந்தது. எல்லைக்கோட்டின் மேல் இருந்த ஒரு வீட்டில் வாழ்ந்த ஏழையைத் தாங்க வேண்டிய பொறுப்பு எந்த ஊருக்கு என்பது கேள்வி. தலைமை நீதிபதி லெமுவெல் ஷா கோக்கின் இந்த விதியைத்தான் எடுத்துக் காட்டினார். ஒரு கதியற்ற மனிதனுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்கும்போது, அவன் தலை சாயும் இடத்தைப் பார் என்று சொல்வது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அதே விதி என் வீட்டில் வேறு விதமாக வேலை செய்தது. பிள்ளைகளின் பள்ளி பெற்றோரின் வசிப்பிடத்தைப் பொறுத்தது. அதனால் மகள் பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரை மேற்கின் பள்ளிகளில் படித்தாள். பதினெட்டு வயதில் அவள் ஓட்டுப் போட்டதோ கிழக்கின் பள்ளிக் குழுவுக்கு. அவள் காலடியே படாத பள்ளிகள். தன் ஆசிரியர்களின் சம்பளத்துக்காகக் கூட்டங்களில் போய்ப் பேசிய பிள்ளை அவள். அவளுக்கு அதில் எவ்வளவு வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

கோடு ஏன் வீட்டுக்குள் ஓடுகிறது? வீடு கட்டியவர் பார்க்கவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1974-ல் அவர் கட்டியபோது, கோடு எங்கே என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இந்த மாநிலத்தின் கவுண்டிகள் பலவும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தவை. ஆரஞ்சிலிருந்து 1849-ல் அலமன்ஸ் பிரிந்தது. ஆரஞ்சும் வேக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து 1881-ல் டர்ஹம் உண்டானது. பிரிக்கும் சட்டத்தில் எல்லையை ஓரிரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்: இந்த ஓடை அந்த ஆற்றில் கலக்கும் இடத்திலிருந்து நேராக இன்னார் வீட்டு மூலை வரை. சர்வேயர் சங்கிலியோடு போய், கோடு போகும் வழியில் உள்ள மரங்களில் கோடரியால் வெட்டி அடையாளம் வைப்பார். மரம் நூறு வருஷம் நிற்கும், அப்புறம் விழும். அதற்குள் வரி அலுவலகம் தன் வசதிக்கு ஒரு கோடு போட்டிருக்கும், பள்ளிப் பேருந்து இன்னொன்றில் ஓடும், தேர்தல் வரைபடத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். அலமன்ஸ், ஆரஞ்சு கவுண்டிகள் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு, 2010-க்குப் பிறகு அளவையும் பேச்சுவார்த்தையும் சட்டமன்றத் தீர்மானங்களுமாகச் சில வருஷம் எடுத்துத்தான் தங்கள் கோட்டை ஒழுங்கு செய்தன.

மாநிலங்களின் எல்லைக்கே இந்தக் கதிதான். வட, தென் கரோலினாக்களுக்கு நடுவில் 334 மைல் நீளக் கோடு. கேப் ஃபியர் ஆற்று முகத்துவாரத்திலிருந்து தென்மேற்கே 30 மைலில் தொடங்கி, வடமேற்காக 35-ஆவது அட்சக்கோடு வரை போய், அங்கிருந்து நேர் மேற்கே திரும்பவேண்டும் என்பது உத்தரவு. 1735-ல் அளக்கத் தொடங்கினார்கள். 1737-ல், அட்சக்கோட்டைத் தொட்டுவிட்டோம் என்று நம்பி ஒரு புல்வெளியில் முளை அடித்தார்கள். உண்மையில் அட்சக்கோடு இன்னும் 11 மைல் வடக்கே இருந்தது. 1764-ல் அந்தத் தப்பான முளையிலிருந்தே மேற்கே கோடு இழுத்தார்கள். தென் கரோலினாவுக்குச் சுமார் 660 சதுர மைல் நஷ்டம். அதை ஈடு கட்ட 1772-ல், கட்டாபா பழங்குடியினரின் நிலத்தைச் சுற்றிக்கொண்டு கோட்டை வடக்கே ஏற்றி, மலைப்பக்கம் தென் கரோலினாவுக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். வரைபடத்தில் சார்லட் நகருக்குக் கீழே எல்லை கோணலாக மடங்கி ஏறுவது இதனால்தான். சார்லட்டில் வேலை பார்த்துக்கொண்டு, எல்லை தாண்டி ஃபோர்ட் மில்லிலும் இந்தியன் லேண்டிலும் வீடு வாங்கியிருக்கும் எங்கள் நண்பர்கள் தினமும் அந்த மடிப்பைக் கடந்துதான் போய் வருகிறார்கள். இந்தியன் லேண்ட் என்ற பெயரைப் பார்த்து நம்மவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அது கட்டாபா மக்களின் நிலம் என்பதால் வந்த பெயர்.

1990-களில் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து அந்தக் கோட்டை மறுபடி தேட ஆரம்பித்தன. வெட்டு வைத்த மரங்கள் போய்விட்டன. அந்த மரங்களைச் சாட்சியாகச் சொல்லும் பழைய பத்திரங்களும் நில வரைபடங்களும் ஆவணக் காப்பகங்களில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இன்றைய நிலத்தில் பொருத்திப் பார்த்து, ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்துக் கோட்டை மீட்டார்கள். அதன்படி 19 வீடுகள் மாநிலம் மாறின. லேக் வைலி பகுதியில், தென் கரோலினாவில் இருந்த ஒரு சிறு கடையும் வட கரோலினாவுக்கு மாறியது. பெட்ரோல், பியர், பட்டாசு விற்கும் கடை. அப்போது தென் கரோலினாவில் பெட்ரோல் வரி காலனுக்கு 16.75 சென்ட், வட கரோலினாவில் அதைப்போல இரண்டு மடங்கு. பட்டாசில் பெரும்பாலானவை இங்கே விற்கவே கூடாது. தலைமுறைகளுக்கு முன்னால் மறைந்த ஒரு மரத்தை நம்பி அந்தக் கடைக்காரர் முதல் போட்டிருந்தார்.

ஆனால் அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். 2016-ல் இரண்டு சட்டமன்றங்களும் நிறைவேற்றி, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, கோட்டை மட்டும் அவர்கள் சரிசெய்யவில்லை. மாநிலம் மாறிய குடும்பங்களிடம் பழைய வரியைத் தோண்டிக் கேட்கக் கூடாது, பிள்ளைகள் படித்த பள்ளியிலேயே தொடரலாம், கல்லூரிக் கட்டணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளாகவே நடத்தப்படுவார்கள், தண்ணீர், மின்சாரம் வந்துகொண்டிருந்த இடத்திலிருந்தே வரலாம் என்றெல்லாம் யோசித்து எழுதினார்கள். 334 மைல் நீளக் கோட்டில் 19 வீடுகளை நினைவில் வைத்துக்கொண்டு எழுதிய சட்டம் அது. கோட்டைத் திருத்துகிற எவருக்கும் அதுதான் முன்மாதிரி என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் இரண்டு கவுண்டிகளும் சேர்ந்து கோட்டை அளக்க முடிவு செய்தன. இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவிலேயே பலர் குழம்பினார்கள். கவுண்டி எல்லையை மாற்றுவது வேறு. எங்கே என்று தெரியாத எல்லையை உறுதி செய்வது வேறு. மாற்றுவது ராலேயில் உள்ள சட்டமன்றத்தின் வேலை. உறுதி செய்வதைக் கவுண்டிகளே செய்யலாம். பிரிவு 153A-18 அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அளந்து, அடையாளம் நட்டு, வரைபடம் போட்டு, இரண்டு ஆணையர் குழுக்களும் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டு, இரண்டு பத்திரப் பதிவு அலுவலகங்களிலும் மாநிலச் செயலர் அலுவலகத்திலும் பதிந்துவிட்டால், அந்த வரைபடமே முடிவு. அளப்பவர்கள் தனியார் நிலத்துக்குள் நுழையவும் அதே சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் அவர்கள் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

இரண்டு பேர். முக்காலியில் ஜிபிஎஸ் கருவி, கையில் இரும்பைக் கண்டுபிடிக்கும் கம்பு. அவர்களோடு பக்கத்து நிலத்துப் பெரியவரும் வந்தார். எழுபத்து நான்கு வயது. நான்கு தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். கோடு ஒரு வெள்ளை ஓக் மரத்தின் வழியாகப் போகிறது என்று அவருடைய தாத்தா சொல்வாராம். அந்த ஓக், 1996 செப்டம்பரில் ஃப்ரான் சூறாவளியில் சாய்ந்துவிட்டது. அடிமரம் உளுத்துப் போய், ஓடைக்கரையில் ஒரு பள்ளமாக மட்டும் மிஞ்சியிருந்தது. பெரியவர் இலைச்சருகைக் காலால் விலக்கி, "இங்கே" என்றார். கம்பு கீச்சென்றது. மண்வெட்டியால் ஒன்றரை அடி தோண்டினார்கள். துரு ஏறி, சிவப்புக் களிமண் அப்பி, செங்குத்தாக நின்ற ஓர் இரும்பு. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சர்வேயர்கள் மூலைக்கல்லுக்குப் பதிலாகப் பழைய கார் அச்சை நட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஓர் அச்சு. அளக்க வந்த இளைஞன் மண்டியிட்டு, பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி ஒன்றால் அதன் தலையைத் துடைத்தான். யாரும் பேசவில்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "தாத்தா பொய் சொல்லலை" என்று மட்டும் சொன்னார்.

தாத்தா சொன்னது உண்மை என்று ஆனதுதான் அவருக்குக் கஷ்டமாகப் போனது. அச்சையும் வடக்கே கிடைத்த மற்ற அடையாளங்களையும் சேர்த்துக் கோடு போட்டபோது, அது நாங்கள் எல்லோரும் நம்பியிருந்ததைவிட 140 அடி கிழக்கே போனது. எங்கள் வீடு முழுக்க மேற்கு. ஓடைக்கு இப்புறம், எங்கள் தெருமுனையில் இருக்கும் அவருடைய வீடும் கொட்டகையும் பதினொரு ஏக்கர் வயலும் மேற்கு. அவர் பிறந்ததிலிருந்து கிழக்கில் வரி கட்டி, கிழக்கில் ஓட்டுப் போட்டவர்.

அன்று ராத்திரி இவர் சந்தோஷமாக இருந்தார். "பாப்பாவுக்கும் உனக்கும் இனிமே ஒரே ஓட்டுச்சாவடி" என்றார். நான் சன்னல் வழியாகப் பெரியவர் வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய நிலம் விவசாய நிலமாகச் சலுகை மதிப்பீட்டில் இருக்கிறது. பத்து ஏக்கருக்குக் குறையாமல் பயிர் செய்கிறவர்களுக்குச் சந்தை மதிப்பில் வரி போடாமல், விளைச்சலுக்கு ஏற்ற மதிப்பில் போடும் ஏற்பாடு. அது கை நழுவினால் நடப்பு வருஷத்தோடு கடந்த மூன்று வருஷத்து வித்தியாசத்தையும் வட்டியோடு கேட்பார்கள். அறுபத்தைந்து வயது கடந்த, வருமானம் குறைந்த வீட்டுக்காரர்களுக்கான வரிக் கழிவும் அவருக்கு உண்டு. இரண்டுமே கவுண்டி மதிப்பீட்டாளரிடம் விண்ணப்பித்து வாங்கியவை. கவுண்டி மாறினால் தானாகத் தொடருமா, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா? இரண்டு அலுவலகத்திலும் ஆளுக்கொரு பதில். அதைவிடப் பெரியது தீயணைப்பு. கிழக்கின் தன்னார்வத் தீயணைப்பு நிலையம் அவர் வீட்டிலிருந்து இரண்டு மைல். நாற்பத்தோரு வருஷமாக அதில் அவர் தொண்டர். மேற்கின் நிலையம் ஏழு மைல். ஐந்து மைலுக்கு மேலே போனால் வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் எகிறிவிடும். பக்கத்துக் கவுண்டி நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் யாராவது நினைவு வைத்துப் போடவேண்டும்.

மக்கள் கருத்துக் கேட்பு அந்தத் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில்தான் நடந்தது. நான் இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போயிருந்தேன். என் வீடு ஒரு பக்கமாகச் சேர்ந்ததற்கு நன்றி சொன்னேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமியார் ராத்திரியில் பெட்ரோல் நிலையத்துக்குப் போனதைச் சொன்னேன். 2016-ன் சட்டத்தில் 19 குடும்பங்களுக்கு என்னென்ன செய்தார்கள் என்று வரிசையாகப் படித்தேன். எங்கள் கோட்டில் பக்கம் மாறுவது ஆறு வீடுகள்தான், ஆறு வீடுகளுக்கு அதைச் செய்ய முடியாதா என்று கேட்டேன். கோடு எங்கே என்று முதலில் துல்லியமாகத் தெரியட்டும். தெரிந்த பிறகு, வீட்டையும் வயலையும் அறுத்துக்கொண்டு போகும் இடங்களில் அதை வேலி ஓரமாகத் தள்ளி வையுங்கள். எந்தப் பக்கம் என்பதை அங்கே வாழ்கிறவரிடம் கேளுங்கள் என்றேன். குரல் நடுங்கியது. மகள் முதல் வரிசையில் இருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பெரியவர் எழுந்து நின்று ரொம்பக் குறைவாகத்தான் பேசினார். "என் நிலம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும். இந்தக் கூடத்துக்குக் கூரை போட்ட ஆள்ல நானும் ஒருத்தன். வேற நான் என்ன சொல்றதுன்னு தெரியலை." உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு ஆணையர் குழுக்களும் வரைபடத்தை ஏற்றுப் பதிந்தன. கூடவே, பெரியவருடைய மனையும் இன்னும் இரண்டு மனைகளும் அவரவர் விருப்பப்படி கிழக்கிலேயே இருக்கும்படி கோட்டை நில எல்லையை ஒட்டி மாற்றித் தரச் சொல்லி, சட்டமன்றத்துக்கு இரண்டு குழுக்களும் தீர்மானம் அனுப்பியிருக்கின்றன. இது உள்ளூர் மசோதாவாகப் போகும். இந்த வகை மசோதாவுக்கு ஆளுநரின் கையெழுத்து வேண்டியதில்லை, இரண்டு அவைகளும் நிறைவேற்றினால் சட்டம். இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை நானும் மகளும் கடிதம் எழுதுகிறோம். அவளுடைய புதிய வாக்காளர் அட்டை வந்துவிட்டது, மேற்குக் கவுண்டி. அதைக் குளிர்பெட்டிக் கதவில் என் அட்டைக்குப் பக்கத்தில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள்.

போன வாரம் அச்சு கிடைத்த இடத்தில் புதிய அடையாளம் நட்டார்கள். சிமெண்டில் பதித்த பித்தளை வட்டு, மேலே தேதி. பெரியவரும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். பழைய அச்சை என்ன செய்வது என்று அந்த இளைஞன் கேட்டான். அப்படியே பக்கத்தில் விட்டுவிடச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இடுப்பில் இருந்த பேஜர் கத்தியது. கிழக்கே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு கொட்டகையில் தீ. "வர்றேன்" என்று என்னிடம் கையைக் காட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே மேடேறி, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.